கறுத்த வெள்ளிக் காசும் பற்பசையும்: வாசகர் கேள்வி பதில்

ஏலப் பட்டியலுக்காகப் பழைய காசுகளைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது என் தொழில். போன இதழில் "வெள்ளி நாணயத்தைத் தேய்க்காதீர்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். ஏன் கூடாது, எதனால் கூடாது, தேய்த்தாகிவிட்டது இனி என்ன செய்வது என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சிலவற்றில் கோபமும் இருந்தது. கோபக்காரர்கள்தான் நல்ல கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள்.

அப்பா வைத்துவிட்டுப் போன வெள்ளி நாணயங்கள் கன்னங்கரேலென்று இருந்தன. பற்பசை போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். புதுக் காசு மாதிரி ஜொலித்தன. விற்கக் கொண்டுபோனால், பார்த்தவர் "பாழாக்கிவிட்டீர்களே" என்கிறார். அழுக்கை எடுப்பது பாழாக்குவதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

அம்மா, நீங்கள் அழுக்கை மட்டும் எடுத்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். வெள்ளியையும் எடுத்துவிட்டீர்கள்.

காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு துளியளவு எப்போதும் இருக்கிறது. அதிலுள்ள கந்தகம் நாணயத்தின் மேற்பரப்பில் இருக்கும் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. கறுப்பாகத் தெரிவது அதுதான். தூசிபோல எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டிக்கொண்டதில்லை. அந்தக் கறுப்பின் எடையில் 87 சதவீதம் வெள்ளி, அதே நாணயத்தின் வெள்ளி. பிரஷ்ஷை அலசும்போது சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியிருக்குமே, அதில் அதுவும் போயிற்று.

எவ்வளவு போயிற்று என்று எடை போட்டுப் பார்க்காதீர்கள், சாதாரணத் தராசு அதைக் காட்டாது. எந்த இடத்திலிருந்து போயிற்று என்பதுதான் விஷயம். நாணயம் அச்சில் அடிபடும்போது, டன் கணக்கான அழுத்தத்தில் வெள்ளி மாவுபோல இளகி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அப்படி ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக, நடுவிலிருந்து நாலாபுறமும் விரிந்தபடி மேற்பரப்பில் நின்றுவிடும். அந்த வரிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் சேகரிப்பவர்கள் லஸ்டர் என்கிறார்கள். அச்சிட்ட பிறகு கைபடாத நாணயம் ஒன்றை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு ஒளிப்பட்டைகள் மையத்தைச் சுற்றி வலம்வரும். பாலிஷ் போட்ட வெள்ளி கண்ணாடிபோல மின்னும், ஆனால் அதில் ஒளி இப்படிச் சுற்றாது.

பற்பசையில் சிலிகா, கால்சியம் கார்பனேட் போன்ற தேய்க்கும் துகள்கள் இருக்கின்றன. பல்லின் எனாமலுக்கு ஏற்றபடி செய்தவை அவை. எனாமல் மோஸ் கடினத்தன்மை அளவில் 5, வெள்ளி 3-ஐத் தாண்டாது. ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த நுண்வரிகளின் முகடு சீவப்பட்டு, அதற்குக் குறுக்கே புதுக் கீறல்கள் விழுந்திருக்கும். உங்கள் கண்ணுக்கு ஜொலிப்பாகத் தெரிவது அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும் வெளிச்சம். வரிகள் திரும்ப வர வேண்டுமானால் நாணயம் மறுபடி அச்சுக்குள் போக வேண்டும்.

அப்பா வைத்திருந்ததில் தேய்க்காதது ஏதாவது மிச்சம் இருந்தால், அதை முதலில் பிரஷ்ஷிடமிருந்து காப்பாற்றுங்கள்.

பற்பசை வேண்டாம், சரி. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற துணியால் லேசாகத் துடைக்கலாம்தானே?

கூடாது. துணி மெத்தென்றுதான் இருக்கும், நாணயத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி அப்படி இருக்காது. அதில் மணல்துகள் கலந்திருக்கும். துடைக்கும்போது அந்தத் துகளை வெள்ளிமேல் வைத்து நீங்களே இழுக்கிறீர்கள். புரூஃப் நாணயங்களில், அதாவது சேகரிப்பவர்களுக்கென்று மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்தவற்றில், இதைவிடக் கொடுமை. அவற்றின் வெற்றுப்பரப்பு கண்ணாடி மாதிரி என்பதால், ஒரே ஒருமுறை துடைத்த கோடுகூட ஆயுசுக்கும் தெரியும். தூசி என்றால் காற்று ஊதும் ரப்பர் பல்பால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறித்த இடத்தில் பின்னால் புள்ளி வரும்.

நான் வேதியியல் மாணவன். அலுமினியத் தாளில் நாணயத்தை வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றினால் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடுகிறது, வெள்ளி வெள்ளியாகவே நாணயத்தில் தங்கிவிடுகிறது. தேய்ப்பே இல்லை, இழப்பும் இல்லை. இதையும் கூடாது என்பது மூடநம்பிக்கை இல்லையா?

தம்பி, சமன்பாட்டில் தப்பில்லை. 3 மூலக்கூறு வெள்ளி சல்ஃபைடும் 2 அணு அலுமினியமும் சேர்ந்து 6 அணு வெள்ளியையும் அலுமினியம் சல்ஃபைடையும் தருகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான். அலுமினியம் சல்ஃபைடு தண்ணீரில் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது.

ஆனால் 6 வெள்ளி அணுக்கள் எங்கே போய் உட்கார்ந்தன என்று சமன்பாடு சொல்வதில்லை. கறுப்பதற்கு முன்னால் அவை அச்சின் அழுத்தத்தில் அடுக்கப்பட்ட படிகத்தின் பகுதி. சல்ஃபைடாகி மறுபடி வெள்ளியாகும்போது பழைய இடத்துக்குப் போய் ஒழுங்காக அமர்வதில்லை. பொடிப்பொடியாக, இடைவெளி விட்டு, பொருபொருவென்று படிகின்றன. லென்ஸில் பார்த்தால் அந்தப் பரப்பு சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளிறித் தெரியும். லேசாக விரல் பட்டாலே இந்தப் படிவு உரசி வந்துவிடும். இடைவெளி நிறைந்த பரப்பு என்பதால் அடுத்தமுறை முன்பைவிட வேகமாகக் கறுக்கவும் செய்யும். இழந்தது எடையை இல்லை, அமைப்பை. எனக்குத் தெரிய வேண்டியது அமைப்புதான், எடையை உருக்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. மெல்லிய கறுப்பு, தடித்த கறுப்பு, வெறும் வெள்ளி என்று ஒரே நாணயத்தில் மூன்றும் இருக்கும். எதிர்வினை மூன்றிலும் ஒரே வேகத்தில் நடக்காது. வெளியே எடுத்தால் திட்டுத்திட்டாக இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று இரண்டாம் முறை போடுவீர்கள். எல்லாரும் போடுகிறார்கள்.

மூடநம்பிக்கையா என்று சோதிக்க உங்களுக்கு வழி இருக்கிறது. சேகரிப்பு மதிப்பே இல்லாத, உருக்கத்தான் லாயக்கு என்கிற கறுத்த வெள்ளிக் காசு ஒன்றை எடுங்கள். பாதியை மட்டும் கரைசலில் முக்குங்கள். கல்லூரியில் நல்ல நுண்ணோக்கி இருக்குமே, இரண்டு பாதியையும் அதில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடையில் விற்கும் 'சில்வர் டிப்' திரவத்தில் ஐந்து விநாடி மட்டும் முக்கி எடுப்பதை வியாபாரிகளே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் செய்தால் சரி, நாங்கள் செய்தால் தப்பா?

செய்கிறார்கள், உண்மைதான். மறைத்து என்ன பயன்? இன்று வெள்ளைவெளேரென்று விற்பனைக்கு வரும் நூறாண்டுப் பழைய வெள்ளி நாணயங்களில் பல ஏதோ ஒரு காலத்தில் டிப்பில் குளித்தவைதான்.

அந்தத் திரவத்தில் பெரும்பாலும் தையோயூரியாவும் ஏதாவதொரு அமிலமும் இருக்கும். கறுப்பை அது கரைக்கிறது, கறுப்புக்கு அடியிலிருக்கும் வரிகளின் முனையையும் கொஞ்சம் கரைக்கிறது. புழக்கத்துக்கே போகாத, லஸ்டர் முழுசாக இருக்கும் நாணயத்தை, கைப்பழக்கம் உள்ளவர் ஒருமுறை முக்கி உடனே நன்றாக அலசிவிட்டால் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இரண்டாவது, மூன்றாவது முறை அப்படிப் போகாது. ஒளிப்பட்டை மங்கும், பிறகு நின்றேவிடும். பட்டியலில் அதற்கு "உயிரில்லாத வெள்ளை" என்று எழுதுவேன். சரியாக அலசாமல் விட்டால் திரவத்தின் மிச்சம் எழுத்துகளின் இடுக்கில் தங்கி, மாதங்கள் கழித்து மஞ்சளும் பழுப்புமாகக் கறை எழும்.

நீங்கள் வைத்திருக்கும் நாணயம் இதுவரை எத்தனைமுறை குளித்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஐந்து விநாடி அதற்கு முதல் ஐந்து விநாடியா கடைசி ஐந்து விநாடியா என்பதும் தெரியாது.

புழங்கித் தேய்ந்த நாணயத்துக்கு டிப் எந்த நியாயத்திலும் ஆகாது. தேய்ந்த காசுக்குச் சாம்பல் நிறமே இயல்பு. மேடான இடத்தில் வெளிறியும் பள்ளத்தில் கறுத்தும் இருப்பதால்தான் உருவம் எடுப்பாகத் தெரிகிறது. அதை வெளுத்துவிட்டால் முகமும் பின்னணியும் ஒன்றாகிவிடும். தையோயூரியா புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகப் பட்டியலிலும் இருக்கிறது. கையுறை இல்லாமல் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள், டிப் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

அருங்காட்சியகங்களில் வெள்ளி எல்லாம் பளபளவென்றுதானே இருக்கிறது? அவர்கள் சுத்தம் செய்யாமலா?

அங்கே பளபளப்பது பெரும்பாலும் பாத்திரங்கள். பாத்திரத்தைச் செய்தவரே மெருகேற்றித்தான் கொடுத்தார், உலோகமும் தடிமன். அதைக்கூட இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் அடிக்கடி தொடுவதில்லை. ஒவ்வொரு மெருகும் செதுக்குவேலையைக் கொஞ்சம் தின்னும் என்று தெரிந்துதான், பல இடங்களில் அரக்குப் பூச்சு கொடுத்து மூடிவிடுகிறார்கள். நாணயத்தில் தலைமுடியும் இறகும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு உயரத்தில் நிற்கின்றன. தின்னக் கொடுக்க அங்கே என்ன இருக்கிறது?

அருங்காட்சியகமே கெடுத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை தன் தயாரிப்புகளையே சேகரித்து வைத்திருந்தது. பின்னாளில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போன சேகரிப்பு அது. ஃபாரன் ஜெர்ப் என்ற நாணய ஆர்வலர் அங்கே போனபோது, வெள்ளி புரூஃப் நாணயங்கள்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருப்பதைப் பார்த்தார். விசாரித்ததில், காட்சிக்கூடம் மூடியிருந்த விடுமுறை மாதங்களில் ஆர்வக்கோளாறு பிடித்த ஊழியர் ஒருவர் கடையில் உலோக பாலிஷ் வாங்கிவந்து, கறுத்த காசுகளையெல்லாம் தேய்த்திருக்கிறார். ஜெர்ப் கொதித்துப்போனார். பொறுப்பாளரோ, தான் அங்கே வேலைபார்த்த எட்டு ஆண்டுகளில் இப்படி மூன்று நான்கு தடவை சுத்தம் செய்தாகிவிட்டது, இதிலென்ன இருக்கிறது என்று சமாதானம் சொன்னாராம். 1903-ல் ஜெர்ப் இதை எழுதி அச்சேற்றினார். அச்சிலிருந்து இறங்கி நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போன நாணயங்கள், ஒருவர் சட்டைப்பையில்கூடக் கிடந்ததில்லை. அவற்றைத் தேய வைத்தது பராமரிப்பு மட்டுமே.

1920-களின் பிரிட்டிஷ் ஷில்லிங் சிலவற்றைப் பாலிஷ் செய்தேன். வெள்ளையாக வருவதற்குப் பதில் மஞ்சளும் சிவப்புமாக வருகிறது. போலியா?

அசலேதான். அதனால்தான் இப்படி.

பிரிட்டன் 1920-ல் தன் வெள்ளிக்காசில் இருந்த வெள்ளியை 92.5 சதவீதத்திலிருந்து 50-ஆகக் குறைத்தது. மிச்சம் பெரும்பாலும் செம்பு. அப்படியே அடித்தால் காசு மஞ்சளடித்துவிடும். ஆகவே அடிக்கும் முன்பே வெற்று வில்லையைச் சூடாக்கி, மேலே உள்ள செம்பு ஆக்சைடு ஆனதும் நீர்த்த அமிலத்தில் போட்டு அதைக் கரைத்துவிடுவார்கள். மேற்தோலில் ஏறக்குறைய வெள்ளி மட்டும் நிற்கும். அந்தத் தோல் மிக மெல்லியது. நீங்கள் உரித்தது அதை. உள்ளே இருந்த செம்புக் கலவை எட்டிப்பார்க்கிறது.

இந்தத் தந்திரம் ஒரு நாட்டோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 1940-ல் 91.7 சதவீத வெள்ளியிலிருந்து 50-க்கு இறங்கியது. ஆஸ்திரேலியக் காசுகள் 1946-ல் அதே பாதைக்கு வந்தன. ரோமானியக் காசுகள் இன்னும் மோசம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்களது 'வெள்ளி' நாணயத்தில் வெள்ளி 5 சதவீத அளவுக்கே இருந்தது, மேலே வெள்ளிப் பூச்சு மட்டும் பளிச்சென்று இருந்தது. 274-ல் பேரரசர் ஆரேலியன் சீர்திருத்திய நாணயமும் இந்த ஜாதிதான். பூச்சு அப்படியே தப்பிப் பிழைத்த ரோமானியக் காசு கையில் வந்தால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். 1,700 ஆண்டு மண்ணுக்கடியில் தாக்குப்பிடித்த பூச்சுக்கு, ஒரு துளி பாலிஷும் ஒரு நிமிடமும் போதும்.

உங்கள் ஷில்லிங்குகள் இனி பழுப்பேறும், அது கொஞ்சம் ஆறுதல். வெள்ளைத்தோல் வராது.

மண்ணிலிருந்து எடுத்த பழைய வெள்ளிக் காசு ஒன்று பரம்பரையாக இருக்கிறது. மேலே சாம்பல் நிறத்தில் மெழுகுபோலத் தடித்த ஓடு. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஊற்றுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டீர்களே, அதற்கு நன்றி.

அந்த ஓடு பெரும்பாலும் வெள்ளி குளோரைடு. மண்ணிலுள்ள உப்போடு வெள்ளி சேர்ந்து உண்டானது. இதைக் கரைக்க பாதுகாப்புக்கூடங்களில் வழிகள் இருக்கின்றன. ஆனால் பயப்பட வேண்டியது ஓட்டைப் பற்றி இல்லை. நீண்ட காலம் கிடந்த வெள்ளி–செம்புக் கலவையில், செம்பு மெல்லப் பிரிந்து உலோகப் படிகங்களின் எல்லைகளில் போய்ச் சேர்ந்துவிடும். அமிலம் அந்தச் செம்பைத்தான் முதலில் தேடித் தின்னும். மேலே அழகாகத் தெரிந்தாலும் உள்ளே படிகத்துக்கும் படிகத்துக்கும் பிடிப்பு இருக்காது. வெள்ளி வளையும் உலோகம் என்றுதானே நினைக்கிறோம்? இந்தமாதிரிக் காசு மேசையிலிருந்து விழுந்தால் பிஸ்கட்டாக உடைகிறது. உடைந்த முகத்தில் கற்கண்டுபோல மணிமணியாகப் படிகம் தெரியும். சில நேரம் அந்த ஓடுதான் காசைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அம்மோனியாவில் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அம்மோனியாவில் கரைந்த வெள்ளியை மூடிவைத்தால், காலப்போக்கில் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகலாம். தொல்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரை பஞ்சு வைத்த சின்னப் பெட்டியில் படுக்க வைத்திருங்கள்.

ஆல்பத்தில் வைத்திருந்த காசுகள்மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு. இதையும் தொடாமல் விட வேண்டுமா?

இல்லை, இதைத் தொடத்தான் வேண்டும், இன்றைக்கே. இந்தப் பக்கத்தில் "செய்யுங்கள்" என்று நான் சொல்லப்போகும் ஒரே காரியம் இது.

மெத்தென்று வளையும் ஆல்பம் தாள் பிவிசி. அதை வளைய வைக்கும் எண்ணெய்ப்பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிப்படும். அது நாணயத்திலுள்ள செம்பைப் பிடித்துப் பச்சையாக்குகிறது. விட்டால் அரித்துக் குழி போடும்.

சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியை வாங்காதீர்கள், அதில் வாசனையும் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை மூழ்க வையுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் என்றால் அதுவே கரைந்து காசில் ஏறும். சன்னல் திறந்திருக்கட்டும், அருகே நெருப்பு கூடாது. சற்று நேரம் கழித்து விளிம்பைப் பிடித்து எடுத்து, இன்னொரு கிண்ணத்தில் இருக்கும் புது அசிட்டோனில் அலசி, அப்படியே காற்றில் உலரவிடுங்கள். துடைக்கக் கூடாது. அசிட்டோன் வெள்ளியையும் தொடாது, கறுப்பையும் தொடாது. எண்ணெய், பிசின், பிளாஸ்டிக் கசிவு போன்ற அந்நியச் சரக்கை மட்டும் கரைக்கும். நாணயத்தின் மேல் இருப்பதை எடுக்கலாம், நாணயமாகவே இருப்பதை எடுக்கக் கூடாது என்று நான் பிரித்துப் பார்ப்பது இதை வைத்துத்தான்.

பச்சைக்கு அடியில் ஏற்கெனவே அரித்திருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

புது உறை பாலியெஸ்டரிலோ பாலிபுரொப்பிலீனிலோ இருக்கட்டும். ரப்பர் பேண்டு, அட்டைப்பெட்டி, கம்பளித்துணி மூன்றிலும் கந்தகம் உண்டு, பக்கத்தில் விடாதீர்கள்.

குழாய்த் தண்ணீர்? அல்ட்ராசோனிக் கருவி? தங்கநகைக்கடைப் பாலிஷ் துணி?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், புள்ளி விழும். அலச வேண்டிய கட்டாயம் வந்தால் வாலைவடிநீர். அல்ட்ராசோனிக்கில் காசுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பாலிஷ் துணியிலேயே பாலிஷ் பொடி இருக்கிறது, அதைத் தனியாகக் கேட்பானேன்.

தேய்த்த நாணயத்தைத் தேய்க்காதது என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது?

அறை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பல விளக்குகள் இருந்தால் ஒன்று காட்டும் கீறலை இன்னொன்று மறைத்துவிடும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்துக்கொண்டே இருங்கள். 5 அல்லது 10 மடங்கு லென்ஸ் போதும். எடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள். எழுத்தோ உருவமோ இல்லாத வெற்றிடத்தைப் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட சாய்வு வந்ததும் அது திடீரென்று காட்டிக்கொடுக்கும். மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில், அல்லது வட்டவட்டமாக. புழக்கத்தில் விழும் கீறல் அப்படி இருக்காது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ஆழம், திசைக்கு ஒன்றாக, உள்ளே அழுக்கேறிக் கறுத்து இருக்கும். துணி போட்ட கோடு ஒரே மாதிரி மெலிசாக, உள்ளே வெள்ளையாக இருக்கும்.

அடுத்து எழுத்துகளின் ஓரம். 8 என்ற எண்ணின் இரண்டு வளையத்துக்குள்ளும், கழுத்து வெற்றிடத்தைத் தொடும் கோணத்திலும் துணியோ பிரஷ்ஷோ நுழைவதில்லை. கோடுகள் எழுத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டு, எழுத்தைத் தாண்டி மறுபடி தொடங்கும். நடுவில் ஒரு கறுத்த ஓரம் மிஞ்சும். வெற்றிடம் வெளேரென்றும் எழுத்தைச் சுற்றி மை தீட்டியதுபோலவும் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது, பொருத்தம். கன்னமும் தலைமுடியும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, ஆனால் காசு நேற்று அடித்ததுபோல வெள்ளை என்றால், அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? கம்பி பிரஷ் பொருத்திய சுழல்கருவியால் உரசி, லஸ்டர் மாதிரியே ஒரு மினுக்கைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதற்கு விஸ்ஸிங் என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பதும் சாய்த்துப் பார்ப்பதில்தான். காசு முழுக்க ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும், ஒளிப்பட்டை சுற்றாது. எழுத்தின் ஒரு பக்க ஓரத்தில் உலோகம் இழுபட்டு வரப்புபோலக் குவிந்திருக்கும்.

1986-ல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-ல் தொடங்கிய என்ஜிசி ஆகிய தரம்பிரிக்கும் நிறுவனங்கள் நாணயத்துக்கு 1 முதல் 70 வரை எண் தருகின்றன. முறைகேடாகச் சுத்தம் செய்தது தெரிந்தால் அந்த எண் கிடைக்காது. எழுத்தும் உருவமும் எந்த அளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைக் குறித்து, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று பக்கத்தில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

தேய்த்துத் தொலைத்துவிட்டேன். வேகவைத்த முட்டையோடு மூடிவைத்தால் மறுபடி கறுக்கும் என்கிறார்கள். பழையபடி ஆக்கிவிடலாமா?

கறுக்கும், பழையபடி ஆகாது. முட்டையிலிருந்து வரும் கந்தகம் ஒரே இரவில் நிறம் கொடுக்கும்தான். ஆனால் கோடுகள் நிறத்துக்கு அடியில் அப்படியே இருக்கும். போதாததற்கு 'செயற்கை நிறம்' என்று இரண்டாவது குற்றமும் சேரும்.

இயல்பான டோனிங், அதாவது காலப்போக்கில் தானாக ஏறும் நிறம், எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது ஏன் பலிக்காது என்பது புரியும். சல்ஃபைடு படலம் சில பத்து நானோமீட்டர் தடிமனாக இருக்கும்போது ஒளி அதில் குறுக்கிட்டு நிறமாகிறது. மனித முடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பொன்னிறம், செந்நீலம், நீலம் என்று வரிசையாக மாறிக் கடைசியில் கறுப்பில் முடியும். அந்த வரிசை இயற்கையில் தப்பாது. அமெரிக்காவின் மார்கன் டாலர் என்ற பழைய வெள்ளி நாணயங்கள் கருவூலத்தில் ஆயிரம் ஆயிரமாகத் துணிமூட்டையில் பல பத்தாண்டுகள் கிடந்தன. மூட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த காசுகளில் சிலவற்றில் துணியின் நெசவுகூட வானவில் நிறத்தில் பதிந்திருக்கிறது. அவற்றை வெள்ளை டாலரைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் 'கறையை' எத்தனை பேர் கழுவி ஊற்றினார்களோ! முட்டை நிறம் வரிசை தாண்டிக் குதிக்கும், மேடுபள்ளம் பார்க்காமல் மிதக்கும், துணிக்கோட்டுக்குள்ளும் இறங்கும்.

நீங்கள் செய்யக்கூடியது, பாலியெஸ்டர் உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான். ஆண்டுகள் போகப்போகச் சாம்பல் படர்ந்து பளீரென்ற அந்த வெளிச்சம் அடங்கும். பார்க்கக் கண்ணை உறுத்தாது. லென்ஸ் வைத்தவருக்குத் தெரியத்தான் செய்யும்.

அப்படியானால் விற்கும்போது தேய்த்ததைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் வாங்குவார்?

சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அரிதான ஆண்டு, அரிதான நாணயச்சாலைக் குறி என்றால், முழுசாக வாங்க வசதியில்லாதவர்கள் தேய்த்ததையாவது வாங்கி ஆல்பத்தில் காலியாக இருக்கும் குழியை நிரப்பலாம் என்று காத்திருப்பார்கள். எங்கும் கிடைக்கிற நாணயம் என்றால் வெள்ளி எடைக்குத்தான் போகும், சொல்லாமல் மறைத்தாலும் அதே கதிதான், அவமானம் மட்டும் கூடுதல்.

உறைமேல் இப்படி எழுதலாம்: "முன்பு சுத்தம் செய்யப்பட்டது. வெற்றிடத்தில் மெல்லிய கோடுகள். விளிம்பு சரி. எழுத்து முழுமை." நான் பட்டியலில் எழுதுவதும் ஏறக்குறைய இதேதான். படம் எடுத்தால் நேர்வெளிச்சத்தில் ஒன்று, கோடு தெரியும்படி சாய்வெளிச்சத்தில் ஒன்று. இரண்டாவது படத்தைப் போடாமல் விட்டுவிட்டுத்தான் பலர் விற்ற நாணயத்தையும் திரும்பப் பெற்று, தபால் செலவையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.